எந்தத் தேர்வுக்கு எந்தப் புத்தகம்? புதுச்சேரி நர்சிங் மாணவர்களின் புத்தகக் கணக்கு

புதுச்சேரி சிறிய ஊர். ஆனாலும் நர்சிங் படிப்பில் இங்கே பல கை எழுதிய வினாத்தாள்கள் புழங்குகின்றன. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம். தன் மாணவர்களுக்குத் தானே தேர்வு வைத்துத் தானே பட்டம் கொடுக்கிறது. புதுச்சேரி அரசின் அன்னை தெரசா நிலையமும் தனியார் கல்லூரிகள் பலவும் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பிள்ளையார்குப்பத்தில் உள்ள கஸ்தூர்பா காந்தி நர்சிங் கல்லூரி, கிருமாம்பாக்கத்தில் உள்ள விநாயகா மிஷன் கல்லூரி போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. கடலூர்ப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ எல்லை தாண்டினால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தாள். பாடத்திட்டம் எல்லாருக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்ததுதான். கேள்வி கேட்பவர்தான் ஊருக்கு ஊர், கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறார்.

இதைக் கவனிக்காமல் வாங்கிய புத்தகங்கள் விடுதி அலமாரிகளில் நிறையக் கிடக்கின்றன. முதலாண்டில் சீனியர் அக்கா எழுதிக் கொடுத்த பட்டியலை அப்படியே வாங்குகிறார்கள். இரண்டாம் ஆண்டில் ஜெராக்ஸ் நோட்ஸ். மூன்றாம் ஆண்டில் யாரோ ஒருவர் எய்ம்ஸ் தேர்வுக்குத் தயாராகிறார் என்று தெரிந்ததும் வகுப்பில் பாதிப்பேர் கையில் ஆயிரம் பக்க கைடு. நான்காம் ஆண்டில் வெளிநாட்டுப் பேச்சு தொடங்குகிறது. அமெரிக்கத் தேர்வுக்கான தலையணை ஒன்று வந்து சேருகிறது. இவற்றில் பெரும்பாலானவை நல்ல புத்தகங்களே. தப்பான வேளையில், வேறொரு தேர்வுக்காக வாங்கப்பட்டவை என்பதுதான் சிக்கல்.

ஒரே பாடத்தை மூன்று தேர்வுகள் எப்படிக் கேட்கும் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தைராய்டு அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத் தாள், தைராய்டு அகற்றப்பட்ட நோயாளிக்கு அறுவைக்குப் பின் அளிக்க வேண்டிய செவிலியப் பராமரிப்பை விவரிக்கச் சொல்லும். இங்கே வரிசை முக்கியம்: மூச்சுப்பாதை, இரத்தக்கசிவு, குரல், கால்சியம் குறைவதற்கான அறிகுறிகள், வலி, வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை. அரசு வேலைக்கான தேர்வு, நோயாளிக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, எந்த மருந்து தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டு நான்கு பெயர் தரும். கால்சியம் குளுக்கோனேட் என்று குறித்தால் ஒரு மதிப்பெண். அமெரிக்க உரிமத் தேர்வு இதை வேறு விதமாகக் கையாளும். உன் பொறுப்பில் நான்கு நோயாளிகள். ஒருவருக்குக் கடும் வலி, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார், தைராய்டு அறுவை செய்த நான்காமவருக்கு மூச்சிழுக்கும்போது கிரீச்சென்ற சத்தம். யாரை முதலில் பார்ப்பாய்? நான்காமவரை என்பது விடை. ஆனால் வலியால் துடிப்பவரை ஏன் காக்க வைக்கலாம் என்று சொல்லத் தெரியாதவருக்கு அடுத்த கேள்வியில் அதே தடுமாற்றம் வரும். முதல் தேர்வுக்கு எழுதிப் பழக வேண்டும், இரண்டாவதற்கு நினைவு வேண்டும், மூன்றாவதற்கு முடிவெடுக்கும் பழக்கம் வேண்டும். மூன்றையும் கற்றுத்தரும் ஒரே புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை.

முதலில் பல்கலைக்கழகத் தேர்வு. 2021-22 கல்வியாண்டில் பி.எஸ்சி. நர்சிங் ஆண்டுமுறையை விட்டு எட்டு செமஸ்டர்களாக மாறியது. பழைய மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங், அடல்ட் ஹெல்த் நர்சிங் என்ற பெயரில் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களுக்கு வந்தது. நோய்க்குறியியல், மருந்தியல் இரண்டும் இரண்டிரண்டு செமஸ்டர்களாகப் பிரிந்தன. தடயவியல் நர்சிங்கும் இந்தியச் சட்டங்களும் புதிதாக ஐந்தாம் செமஸ்டரில் நுழைந்தன. எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். பல்கலைக்கழகத் தாள் 75 மதிப்பெண், இன்டர்னல் 25. நீண்ட விடை, சிறு குறிப்பு, மிகச் சிறு விடை இவற்றோடு கொள்குறி வினாக்களும் உண்டு. அப்படியிருந்தும் ஆண்டுமுறைக்காக எழுதப்பட்ட விடையோடு கூடிய வினாத்தாள் தொகுப்புகள் அட்டை மாற்றி இன்னும் விற்பனையில் உள்ளன. பொருளடக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: செமஸ்டர்வாரியாகப் பிரிக்கப்படாமல் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்றிருந்தால் அது பழைய சரக்கு.

இந்தத் தொகுப்புகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக விடை தருவார்கள். அதை மனப்பாடம் செய்பவர் பாஸ் செய்வார். வைவாவில் வெளித் தேர்வாளர் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டதும் வாயடைத்துப் போவார். தன் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்து, கேள்விகளை அலகுவாரியாகப் பிரித்து, பாடநூலைத் திறந்து தானே விடை எழுதிப் பார்ப்பதற்கு இணையான கைடு கிடையாது. செலவு ஜெராக்ஸ் காசு மட்டும். தாள் போதவில்லை என்றால் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத் தாள்களையும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தின் மூலம் ஒன்றுதானே.

அதற்குப் பாடநூல் சரியானதாக இருக்க வேண்டும். 1964-இல் முதல் பதிப்பு கண்ட புருன்னர் அண்ட் சுதார்த்தின் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் நூலுக்கும் லூயிஸ் நூலுக்கும் இப்போது தெற்காசியப் பதிப்புகள் உள்ளன. இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியவை, அமெரிக்கப் பதிப்பைவிட விலையும் குறைவு. மகப்பேற்றுக்கு டி.சி. தத்தா. மனநலத்துக்கு ஸ்ரீவாணி எளிது. செய்முறைக்கு அன்னம்மா ஜேக்கப். உடற்கூறுக்கு ராஸ் அண்ட் வில்சன் போதும். மருத்துவ மாணவர்களுக்கான தடித்த நூல்களைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. சமூக நல நர்சிங்குக்கு கே. பார்க்கின் நூலை நூலகத்தில் வைத்துப் படிக்கலாம்.

அடுத்தது வேலைக்கான தேர்வு. இங்கேதான் கைடு வியாபாரம் கொழிக்கிறது, காரணமும் இருக்கிறது. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நர்சிங் ஆபீசர் பொதுத் தேர்வான நார்செட் 2020-இல் தொடங்கியது. இப்போது முதல்நிலை, முதன்மை என இரு கட்டம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். தமிழ்நாட்டில் 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் 7,243 ஒப்பந்தச் செவிலியர் பணியிடங்களுக்குத் தேர்வு அறிவித்தபோது, அதுவரை போட்டித் தேர்வு என்றால் குரூப் ஃபோர் என்று மட்டும் நினைத்திருந்த வீடுகளிலும் நர்சிங் கைடு நுழைந்தது. இன்று வாரியத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளும் சேர்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தரம்தான் என்றாலும், தமிழைப் பள்ளியோடு விட்டுவிட்ட புதுச்சேரிப் பிள்ளைகள் அதில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இந்தத் தேர்வுகளுக்கு மாணவர்கள் அதிகம் சொல்லும் பெயர் டார்கெட் ஹை. முத்துவெங்கடாசலம், அம்பிலி வேணுகோபால் இருவரும் எழுதியது, சி.பி.எஸ். வெளியீடு. ஆர். குப்தா வரிசை ஸ்டாஃப் நர்ஸ் கைடும் பழக்கமானது. சென்னையின் போட்டித் தேர்வுப் பதிப்பகங்கள் வாரியத் தேர்வு அறிவிப்பு வந்ததும் அவசரமாக ஒரு கைடு போடும். அவசரம் அச்சுப்பிழையில் தெரியும். பொதுவாக இந்த வகையில் இரண்டு குறைகளை எதிர்பார்க்கலாம். ஒன்று, அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 'முந்தைய ஆண்டு வினாக்கள்' பலவும் தேர்வு எழுதியவர்களின் நினைவிலிருந்து திரட்டப்பட்டவை. மெமரி பேஸ்டு என்று புத்தகங்களே சொல்லிவிடுகின்றன. கேள்வியில் ஒரு சொல் மாறினால் விடை மாறும் பாடத்தில் இது சிறிய விஷயம் இல்லை. 'முதலில் என்ன செய்வாய்' என்பதும் 'மிக முக்கியமாக என்ன செய்வாய்' என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டு, விடைப் பட்டியல் மட்டும் கொடுத்துவிட்டு விளக்கத்தை விழுங்கிவிடுவது. நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வுக்கு இது கெடுதல். எந்தக் கேள்வியைத் தொடாமல் விட வேண்டும் என்ற தெளிவு, மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று தெரிந்தவருக்குத்தான் வரும்.

கடையில் நின்றபடியே ஒரு கைடின் வயதைக் கண்டுபிடித்துவிடலாம். அட்டையில் உள்ள ஆண்டை நம்ப வேண்டாம், உள்ளே புரட்டுங்கள். உயிரி மருத்துவக் கழிவுப் பகுதியில் கறுப்புப் பை இருந்தால் அது 1998 விதிகளைப் பார்த்து எழுதியது. 2016 விதிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் மட்டுமே. காசநோய்த் திட்டத்தின் பெயர் ஆர்.என்.டி.சி.பி. என்றிருந்தால் 2020-க்கு முந்தையது. இப்போது அது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம். மனநலச் சட்டம் 1987 என்று எழுதிவிட்டு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் மூடி வைத்துவிடலாம். கருக்கலைப்புக்கு உச்சவரம்பு 20 வாரம் என்று மட்டும் இருந்தால் 2021 திருத்தம், அதாவது சில பிரிவினருக்கு 24 வாரம் என்பது, ஆசிரியரை எட்டவில்லை. தடுப்பூசி அட்டவணையில் ஒன்பதாம் மாதத்தில் போலியோ ஊசியின் மூன்றாம் தவணை இருக்கிறதா பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து அது உண்டு. நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு '100-க்குக் குறையாமல்' என்று நின்றுவிட்டால் அது 2010 வழிகாட்டி. 2015 முதல் 100 முதல் 120 வரை, ஆழம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர். இந்த ஆறில் மூன்று தவறினால் மீதியைப் பார்க்க வேண்டியதே இல்லை. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

இதே காரணத்தால் பழைய புத்தகம் வாங்குவதிலும் ஒரு கணக்கு வேண்டும். காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில் துணிமணிகளுக்கு நடுவே பழைய புத்தகங்களும் கிடைக்கும். உடற்கூறு, உடலியங்கியல், உளவியல் என்றால் பத்து வருடப் பழசையும் தைரியமாக வாங்கலாம். கல்லீரல் இடம் மாறுவதில்லை. மருந்தியலில் யோசித்து வாங்க வேண்டும். சமூக நல நர்சிங்கில் பழைய பதிப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜெராக்ஸ் பிரதியில் இன்னொரு ஆபத்து: கறுப்பு வெள்ளையில் படுக்கைப்புண்ணின் நிலைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், ஆக்சிஜன் சிலிண்டரின் வண்ண அடையாளம் காணாமல் போகும். படத்தை நம்பிப் படிக்க வேண்டிய நூலை அசலாக வாங்குவது நல்லது. இல்லையென்றால் கல்லூரி நூலகத்துக்குப் போகலாம். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நர்சிங் நூல்களைத் தேடி அங்கே போக வேண்டியதில்லை, ஆனால் விடுதிச் சத்தத்திலிருந்து தப்பிப் படிக்க நல்ல இடம்.

வெளிநாட்டுத் தேர்வுகளில் புத்தகங்களின் தரம் சட்டென்று உயர்கிறது, அதில் சந்தேகமில்லை. அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 1994 முதல் கணினிவழி. விடை சரியா தவறா என்பதைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை கணினியே கூட்டும், குறைக்கும். 2023 ஏப்ரலில் வடிவம் மாறியது: ஒரு நோயாளியின் கதையை விரித்து, அதன் மேல் ஆறு கேள்விகள், 85 முதல் 150 கேள்விகள் வரை, ஐந்து மணி நேரம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதையே ஏற்கின்றன. சில்வெஸ்திரி எழுதிய சாண்டர்ஸ் காம்ப்ரிஹென்சிவ் ரிவ்யூ இத்தேர்வுக்கான முதன்மை நூல். 5,000-க்கு மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை ஏன் சரி, மற்றவை ஏன் இல்லை, கேள்வியை எந்த வழியில் அணுகியிருக்கலாம் என்று மூன்றையும் சொல்லும். லிப்பின்காட் கேள்வி விடை நூலும் இதே இனம். யாருக்கு எந்த வேலையை ஒப்படைப்பது என்பது போன்ற கேள்விகளுக்கு லாசாரிட்டி தனி நூல் எழுதியிருக்கிறார். 2023-க்கு முந்தைய வடிவத்துக்கு எழுதப்பட்ட பதிப்பை விலை மலிவு என்று வாங்கினால், நோயாளிக் கதைக் கேள்விகள் இருக்காது.

ஆனால் சாண்டர்ஸ் நல்ல நூல் என்பதற்காக அதை நார்செட்டுக்கும் செமஸ்டருக்கும் படிப்பது வேறு கதை. அமெரிக்க அட்டவணையில் பி.சி.ஜி. கிடையாது, நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு முதல் ஊசிகளில் ஒன்று அது. அங்கே தட்டம்மைத் தடுப்பூசி ஒரு வயதுக்கு மேல். இங்கே ஒன்பதாம் மாதம். நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். வேலை ஒப்படைப்புக் கேள்விகளில் பதிவு பெற்ற செவிலி, உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலி, உதவியாளர் என்ற அடுக்கு வரும். நம் அரசு மருத்துவமனை வார்டில் அந்த அடுக்கே வேறு. சிறுநீரக நோயாளி தவிர்க்க வேண்டிய பொட்டாசியம் உணவுகளின் பட்டியலில் அவர்கள் ஊர்ப் பழங்கள் இருக்கும். ஜிப்மர் வார்டில் உறவினர் அன்போடு நீட்டும் இளநீர் இருக்காது. இந்த வேறுபாடுகளைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு படிப்பவருக்கு அது தங்கமான புத்தகம். குறிக்காமல் படிப்பவர் இங்கேயும் தவறு செய்வார், அங்கேயும் தவறு செய்வார்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு இத்தனை தடிமன் தேவையில்லை. அங்கே கணினித் தேர்வில் முதல் பகுதி 15 கணக்குகள், இரண்டாம் பகுதி 100 நர்சிங் கேள்விகள். பிறகு பிரிட்டனிலேயே பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு. கணக்குப் பகுதியைத் தமிழ்ப் பிள்ளைகள் எளிதாக எடுத்துக்கொண்டு சறுக்குவதுண்டு. ஆயிரம் மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், மில்லிக்கு 15 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 31 சொட்டு. 20 சொட்டு செட்டில் 42. கேள்வியில் செட்டின் அளவைச் சொல்லாத கைடுகளும் இருக்கின்றன. அவற்றின் விடையை எப்படி நம்புவது? வளைகுடா நாடுகளுக்கான புரோமெட்ரிக் தேர்வுகளுக்குத் தனி நூல் வாங்குவது அவசியமில்லை. நல்ல கொள்குறி வினா நூல் ஒன்றைக் கரைத்துக் குடித்தவர் சமாளிப்பார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கும் ஊர் என்பதால் பிரான்ஸ் போகலாமே என்ற பேச்சு இங்கே எழுவது இயல்பு. ஆனால் இந்திய நர்சிங் பட்டம் அங்கே நேரடியாகச் செல்லாது. அந்நாட்டு அரசு டிப்ளமோ வேண்டும், படிப்பும் தேர்வும் பிரெஞ்சில். அதற்கு நர்சிங் கைடு உதவாது.

கேள்வி நூல்கள் படிப்புக்கே உதவுமா, தேர்வுக்கு மட்டும்தானா என்ற ஐயம் ஆசிரியர்களுக்கு உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. விடிய விடியப் புரட்டிவிட்டுக் காலையில் தாள் எழுதும் பழக்கம் நமக்கு ஏன் பலன் தருவதாகத் தோன்றுகிறது, ஏன் மூன்றே மாதத்தில் போஸ்டிங்கில் எல்லாம் மறந்துபோகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. ஆகவே கேள்வி நூல் கெட்டது என்பதில்லை. விடையை விரலால் மறைக்காமல், கேள்வியையும் விடையையும் சேர்த்துக் கதைபோல வாசிப்பதுதான் வீண். மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடிடுவதும் அந்த வகைதான்.

எனவே வாங்குவதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதல் நான்கு செமஸ்டர்களில் பாடநூல், பழைய வினாத்தாள், வேறெதுவும் வேண்டாம். ஐந்தாம் செமஸ்டரில் விளக்கத்தோடு கூடிய ஒரே ஒரு கேள்வி நூல். அன்றன்று முடித்த பாடத்துக்கு இருபது கேள்வி. இந்தியாவிலா வெளிநாட்டிலா என்று ஏழாம் செமஸ்டருக்குள் முடிவு செய்துவிட்டு அதற்கான நூலை மட்டும் வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகிறேன் என்பவர்கள் இரண்டு நூலிலும் முதல் நூறு பக்கத்தைத் தாண்டுவதில்லை. டெலிகிராமில் வந்து குவியும் பி.டி.எஃப். கோப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று: இறக்கி வைப்பது படிப்பாகாது.

இவ்வளவு நூல்களையும் புரட்டியபின் கண்ணில் படுவது, தமிழில் ஒன்றும் இல்லை என்பது. நர்சிங் மாணவர்களில் தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள் ஏராளம். ஆங்கிலக் கேள்வியில் ஒரு துணைச்சொல் புரியாமல் தெரிந்த விடையைத் தவற விடுகிறார்கள். அறிவுக்குறை இல்லை அது. தமிழில் முடியாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1847-இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம் 1857-இல் அச்சேறியது; உடற்கூறு, அறுவை, வேதியியல் நூல்கள் பின்னால் வந்தன. தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும் காலத்தில் பாடநூல்களை மொழிபெயர்த்துப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் உள்ள ஒரு நூல் அப்படியல்ல. அது நாளைக்கே பயன்படும்.

அதை எழுதத் தகுதியானவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஜிப்மரிலும் அன்னை தெரசா நிலையத்திலும் தனியார் கல்லூரிகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து, ஒரு பாடத்துக்கு இருநூறு கேள்வி என்று தொடங்கட்டும். முதல் நூல் சமூக நல நர்சிங்குக்கு இருக்கட்டும். திட்டங்களின் பெயரும் தடுப்பூசித் தவணையும் அடிக்கடி மாறுவதால் கைடுகள் அதிகம் தவறுவது அந்தப் பாடத்தில்தான். ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும்.